முன்னால் சாயும் தொப்பி

வழக்கின் ஒரே சாட்சியை நான் கொதிக்கிற பாலுக்குள் போட்டபோது காலை மணி பத்தரை.

சாட்சி என்பது ஒரு தொப்பி. நெற்றிப் பக்கம் விளக்கு வைத்துத் தைத்த காக்கித் துணித் தொப்பி. அதைக் குரங்கணியில் ஒரு ஜீப்பு டிரைவரிடமிருந்து வாங்கிக்கொண்டு நேராக ஆபீசுக்கு வரவேண்டும் என்பது எனக்கு உத்தரவு. நேராகத்தான் வந்தேன். வழியில், போடி பஸ் ஸ்டாண்டு எதிரே, முனீஸ்வரன் டீக்கடையில் பருப்பு வடை வெந்துகொண்டிருந்தது என் குற்றமில்லை. ஒரு கையில் போன், மறு கையில் வண்டிச் சாவி. தொப்பியை வைக்க இடமில்லை. தலை காலியாகத்தான் இருந்தது. தாடைப் பட்டியைக்கூட மாட்டாமல் சும்மா கவிழ்த்துக்கொண்டேன்.

வடைத் தட்டு பால் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்தது. எட்டிப் பார்க்கக் குனிந்தேன். தொப்பி சர்ரென்று வழுக்கி என் கண்ணை மூடியது. பட்டப்பகலில் கும்மிருட்டு. பதறிப்போய்த் தலையைச் சிலுப்பினேன். தொப்பி தலையை விட்டுப் பறந்து பாலில் இறங்கியது.

"அடேய் மொக்கையா! பாலுக்குள்ள என்னடா போட்ட?"

"சாட்சி, மாமா."

முனீஸ்வரன் என்னையும் எனக்கு மொக்கையன் என்று பெயர் வைத்தவர்களையும் திட்டி முடிப்பதற்குள் தொப்பி நன்றாகக் கொதித்துவிட்டது. பிறகு கரண்டியால் தூக்கி என் மேல் எறிந்தார். பாலைக் கீழே ஊற்றுவார் என்று நினைத்தேன். முனீஸ்வரனைத் தெரியாதவன் நினைக்கிற நினைப்பு அது. துணியில் வடிகட்டினார், டீயைப் போட்டார், காத்திருந்த நாலு பேரிடம் நீட்டினார்.

நாலு பேரும் ஒரு மடக்குக் குடித்தார்கள். நான் ஓடுவதற்குத் தோதாகச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"மாஸ்டர், என்ன இன்னைக்கு டீ இம்புட்டு மணமா இருக்கு? ஏலக்காய்லாம் போட ஆரம்பிச்சிட்டீங்களா?"

போடியில் தெருவுக்குத் தெரு ஏலக்காய் மூட்டை இறங்கும். சட்டையைத் துவைத்தாலும் வாசம் போகாது. ஆனால் முனீஸ்வரன் கடை டீயில் இருபது வருஷமாக ஒரு காய் விழுந்ததில்லை. அவருடைய தாத்தா செத்த அன்றைக்குக்கூட விழவில்லை.

"முனீஸ்வரண்ணே, நீங்க ஏலக்காய் போட்டீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நான் எதுக்குத்தா போடுறேன்? எனக்கென்ன கிறுக்கா?"

குரலுக்குச் சொந்தக்காரர் என் முதலாளி சூர்யகலா அக்கா. பஞ்சர் கடை மாடியில் ரெண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி போட்டுத் துப்பறிகிறவர். நான் உதவியாளன். முன்பு ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஜீப்பு என்னை விட்டுவிட்டுத் தனியாக ஓடிப்போனது. அன்றிலிருந்து துப்பறிகிறேன்.

அக்கா நனைந்த தொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"குனிஞ்சியா?"

"ஆமாக்கா."

"எம்புட்டு?"

"வடை தெரியிற அளவுக்கு."

"அதுக்கே கண்ண மூடிருச்சா?"

"என் தலை கொஞ்சம் ஒரு மாதிரிக்கா. சின்ன வயசுல..."

"பேச்சிமுத்துவுக்கும் ஒரு மாதிரித் தலையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா சொல்ல வர்றீங்க?"

"வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்றார் அக்கா.

அவரிடம் கேள்வி கேட்டால் கேள்விதான் கிடைக்கும். மூன்று வருஷமாக ஒரு நேர் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

பேச்சிமுத்து யார் என்று சொல்லிவிடுகிறேன். குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தின் கங்காணி. போடியிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்பில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், ஜீப்பு நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடத்திக் கூட்டிப்போகும் சோலி. போன சனிக்கிழமை புதுத் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தவர், ஒத்தப்பாறை வளைவில் இருபதடி கீழே விழுந்தார். ரெண்டு காலும் முறிந்து, ஆஸ்பத்திரியில் கால்களைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறார். தொப்பி அவரை ஏற்றி வந்த ஜீப்பு டிரைவரிடம் தங்கிவிட்டது.

தொப்பியைச் செய்தவர் சுரையா. குடைக் கடை பக்கீர் முகம்மதுவின் மகள். பேச்சிமுத்துவின் மனைவி வீரலட்சுமி அன்றிலிருந்து தினமும் காலையில் சுரையா கடை வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றுகிறாள். இன்று சாயங்காலம் நாலு மணிக்குத் தோட்டத்து மேனேஜர் வருகிறார். தப்பு தொப்பியில்தான் என்றால் பெண்களுக்குத் தைத்து வைத்திருக்கும் நாற்பது தொப்பியும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். கடை அத்தோடு மூடல். பெண்கள் பழையபடி இருட்டில் நடக்க வேண்டியதுதான்.

சுரையாதான் எங்கள் கட்சிக்காரர்.

நாங்கள் போனபோது கடைப் படியில் அன்றைய மண் அப்படியே கிடந்தது. சுரையா அதைக் கூட்டக்கூட இல்லை. உள்ளே சுவர் நெடுகக் கொக்கியில் தொப்பிகள். ஒரு தொப்பியை எடுத்து உச்சியில் ஆட்காட்டி விரலைக் கொடுத்து நிறுத்தினார். தொப்பி தட்டாமாலை சுற்றிவிட்டு நிமிர்ந்து நின்றது. முன்னாலும் சாயவில்லை, பின்னாலும் சாயவில்லை.

"இப்படி நிக்காம ஒரு தொப்பியும் இந்தப் படிய விட்டு இறங்குனதில்லக்கா. அன்னைக்குப் பேச்சிமுத்தண்ணே வீட்டுல குடுக்கும்போதும் விரல்ல நிறுத்திக் காட்டிட்டுத்தான் குடுத்தேன்."

"முன்னால வெளக்கு இருக்கு. கனம். பின்னால என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"மொதல்ல பேட்டரியப் பின்னால வச்சேன். மூட்டையத் தலைக்கு ஏத்துறப்ப வயரு பிச்சுக்கிட்டு வந்துருச்சு. சைடுல வச்சேன். ஒரு பக்கமாக் கழுத்து இழுக்குதுன்னாங்க. பட்டிய இறுக்குனா நெத்தியில காய்ப்பு. கடைசில பேட்டரியும் வெளக்கும் முன்னாலயே இருக்கட்டும்னு விட்டுட்டு, பின்னால பிடரிக்கு மேல ஒரு சின்னப் பை தச்சேன். அதுக்குள்ள சைக்கிள் பால்ஸு. சக்கரத்துக்குள்ள போடுற இரும்புக் குண்டு. ஒண்ணொண்ணாப் போட்டு நிறை பாத்தேன். பொம்பளைகளுக்குக் கொண்டைக்கு மேல உக்கார்ற மாதிரி, ஆம்பளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கீழ. தலையில தொப்பி இருக்கிறதே தெரியக் கூடாது, அதுதான் கணக்கு. மூணு மாசம் ஆச்சு."

மூணு மாசம் என்றதும் அவர் குரல் உள்ளே போனது. எனக்கு அது தெரிந்துவிட்டது. என் தலைதான் ஒரு மாதிரி, காது நன்றாக இருக்கிறது.

"அந்த மூணு மாசத்துல என்ன ஆச்சு?" என்றேன்.

"டீ சாப்பிடுறீங்களா அண்ணே?" என்றார் சுரையா.

டீ என்ற சொல் எனக்கு அன்று ஒத்துக்கொள்ளவில்லை.

அக்கா பையிலிருந்து நனைந்த தொப்பியை எடுத்து நீட்டினார். "இத நிறுத்து."

சுரையா விரலைக் கொடுத்தார். தொப்பி நிற்கவே இல்லை. மூக்குக் குப்புற விழுந்தது. இன்னொரு தடவை. மறுபடியும் மூக்கு.

அவர் முகம் வெளுத்துப்போனது. "இது நான் குடுத்த நிறை இல்லக்கா." பின்பக்கப் பையைத் திருப்பித் தையலைத் தடவினார். "இது என் நூலும் இல்ல. நான் குடை நூல்லதான் தைப்பேன். இது சாக்கு தைக்கிற நூலு."

பிளேடு வைத்துப் பிரித்தார். இரும்புக் குண்டு ஒன்றுகூட விழவில்லை. பால் குடித்து ஊறிய முப்பது ஏலக்காய் விழுந்தது.

"அடப்பாவி! முனீஸ்வரன் டீ மணத்ததுக்குக் காரணம் இதுதானா?" என்று நான் சொன்னதை இருவரும் கண்டுகொள்ளவில்லை.

அக்கா காய்களை மேசைமேல் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குண்ட எடுத்துட்டு அதே பருமனுக்கு இத அடைச்சிருக்கு. கைக்குப் பை நெறஞ்ச மாதிரித் தெரியும். கனம் இருக்காது. சமதரையில ஒண்ணும் ஆகாது. தாடைப் பட்டிய மாட்டிக்கிட்டு எறக்கத்துல குனிஞ்சா?"

"கண்ண மூடிரும். பட்டி மாட்டியிருந்தா கழண்டும் விழாது" என்றேன். வடை முன்னால் எனக்கு ஒரு நொடிதான் இருட்டியது. என் முன்னால் பால் பாத்திரம்தான் இருந்தது, பள்ளம் இல்லை. "யாருக்கா இது? காமராஜுதான?"

"காமராஜ் கடை எங்க இருக்கு?"

காமராஜ் எலாஸ்டிக் பட்டி வைத்த நெற்றி விளக்கு விற்கிறவன். சுரையா கடை மூடினால் லாபம் அவனுக்கு. மேனேஜரிடம் ஏற்கெனவே பேசிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன்மேல் எனக்குச் சொந்தப் பகையும் உண்டு. அவன் விற்ற விளக்கை ஒரே ஒரு ராத்திரி மாட்டினேன். நெற்றியில் பதினைந்து நாள் குழி. பெண் பார்க்கப் போன இடத்தில் 'மாப்பிள்ளைக்குப் பொறக்கும்போதே அடிபட்டுருச்சா' என்று கேட்டார்கள். காமராஜ் கையில் விலங்கு மாட்டுகிற காட்சியை வழியெல்லாம் ரசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

நடுவில், மூட்டை அடுக்கி வைத்த ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் ஒரு பை நிறையக் காய் வாங்கி வந்தார். பெரிய பருவட்டு, பொடிசு, வாய் வெடித்தது, பூச்சி கடித்தது எல்லாம் கலந்த, தரம் பிரிக்காத காய்.

"எதுக்குக்கா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுறியா?"

காமராஜ் கடையில் அக்கா தொப்பியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பையிலிருந்து ரெண்டு கை காயை அள்ளி மேசைமேல் கொட்டினார். "இது என்ன விலைக்குப் போகும்னு பாத்துச் சொல்லுங்க."

காமராஜ் நாலு காயை வாயில் போட்டு மென்றான். ஒரு கை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "நல்லாத்தான் இருக்கு. எனக்கென்ன தெரியும்? நான் லைட்டு விக்கிறவன். ஆமா மொக்கை, நெத்தி ஆறிருச்சா?"

அக்கா வெளியே வந்துவிட்டார்.

"அவன விட்டுட்டு வர்றீங்களே! நெத்தி ஆறிருச்சான்னு கேக்குறான்க்கா! குற்றவாளி மாதிரியே இருக்கான்!"

"குற்றவாளி மாதிரி இருக்கிறவன எல்லாம் பிடிச்சா, மொத ஆளு யாரு?"

நான் வண்டியை எடுத்தேன். இந்த முறை பேச்சிமுத்து வீட்டுக்கு. அவருக்கு எதிரிகள் யார் என்று விசாரிக்கப் போகிறோம் என்றுதான் நான் நினைத்தேன். மணி ரெண்டே முக்கால்.

வீரலட்சுமி கதவைத் திறந்த வேகத்தில் நான் அக்காவுக்குப் பின்னால் போய் நின்றேன். நாற்பது வயது. அழுத கண் இல்லை, எரிகிற கண்.

"அந்தத் தொப்பிக்காரி அனுப்பிவிட்டாளா? நாலு மணிக்கு அவ கடை மூடுறத என் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் பச்சத் தண்ணி குடிப்பேன். அவ கை வெளங்குமா? வெளக்கு தைக்கிறாளாம் வெளக்கு!"

"உக்காந்து பேசலாமா?" என்று அக்கா தரையில் உட்கார்ந்தார். பையை முன்னால் வைத்து, ஏதோ கை தவறியது போலக் காயைக் கொட்டினார். "அடடா. ஒரு முறம் இருந்தாக் குடுங்க."

வீரலட்சுமி திட்டிக்கொண்டே முறத்தைக் கொண்டுவந்தாள். திட்டிக்கொண்டே காயை அள்ளிப் போட்டாள். திட்டிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தாள்.

"நாசமாப் போறவ. நாலு பேரு சாபம் சும்மா விடுமா..."

நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினார். கையைப் பார் என்று அர்த்தம்.

பார்த்தேன். வாய் ஒரு பக்கம் சாபம் விட்டுக்கொண்டிருந்தது. கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. பருவட்டுக் காய் இடப்பக்கம். பொடிசு வலப்பக்கம். வெடித்த காய் விரல் நுனியில் சுண்டப்பட்டு முறத்துக்கு வெளியே. கண் ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை. மழை பெய்கிற மாதிரி வேகம்.

"எத்தனை வருஷமாத் தரம் பிரிக்கிறீங்க?" என்றார் அக்கா.

கை நின்றது.

அக்கா சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த பால் ஊறிய காய்களை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைத்தார். எல்லாம் ஒரே அளவு. பூச்சி கடித்தது ஒன்றில்லை. வாய் வெடித்தது ஒன்றில்லை. இடப்பக்கக் குவியலோடு சேர்த்தால் அடையாளம் தெரியாது.

"ஆத்திரத்துல ஒருத்தன் பஞ்ச அடைப்பான், மண்ண அடைப்பான், கைக்கு ஆம்புட்ட காய அள்ளிப் போடுவான். இதப் போட்ட கை அந்த நேரத்துலயும் ஒரு வெடிச்ச காயச் சேக்கல. சேக்க முடியல. பழக்கம் விடல."

இந்த வழக்கில் அக்கா கேள்வியில் முடிக்காமல் விளக்கிய முதல் பேச்சு அது. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. வீரலட்சுமிக்குப் பின்னால் சுவரில் ஒரு போட்டோ இருந்தது. காய்ந்த மாலை. இருபத்தைந்து வயசுப் பெண், சிரிப்பை அடக்க முயன்று தோற்றுப்போன முகம்.

"அது யாரு?" என்றேன் மெதுவாக.

"ஊருக்கே தெரியும். ஒனக்குத் தெரியாதா?" என்றாள் வீரலட்சுமி. குரலில் இப்போது வேகம் இல்லை. "செல்லக்கிளி. எங்கூடப் பொறந்தவ. இந்த ஆடியில அதே வளைவுல போயிட்டா."

நான் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு அவன் கூட்டிட்டுப் போனது பதினாறு பொம்பளைக. ஒரே ஒரு டார்ச்சு. அது என் புருசன் கையில. முன்னால போறவனுக்கு வெளிச்சம், பின்னால வர்றவளுகளுக்கு அவன் முதுகு. இவ கடைசி. அன்னைக்கு அஞ்சு நிமிசம் பிந்தி வந்தான்னு கடைசில நிறுத்திட்டான். கொழுந்தியான்னுகூடப் பாக்கல. 'மாமா, காலு தெரியல, வெளிச்சத்தக் கொஞ்சம் பின்னால காட்டுங்க'ன்னு கத்தியிருக்கா. 'வெரசா வாங்கடி, வாய் பேசாம'ன்னு சொல்லியிருக்கான். திரும்பல. தோட்டத்துல போயி எண்ணும்போதுதான் ஒண்ணு கொறஞ்சுது."

வெளியே ஏதோ ஒரு லோடு ஜீப்பு போனது. அவள் அந்தப் போட்டோவின் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"தோட்டத்துல அதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் வெளக்குத் தொப்பி தைக்கச் சொல்லிட்டாங்க. இவளே ரெண்டு தடவ போயி அந்த சுரையாகிட்டக் கேட்டா. 'இன்னும் நிறை சரியில்லக்கா, இன்னும் நிறை சரியில்லக்கா.' மூணு மாசம். கழுத்து வலிச்சாத்தான் என்ன, கோணலா உக்காந்தாத்தான் என்ன? ஒரு கோணத் தொப்பியக் குடுத்திருந்தா எந்தங்கச்சி இருந்திருப்பா. அதுக்கப்புறம் மொதத் தொப்பி தயாராகி யாருக்கு வருது? அவனுக்கு. எங்கிட்டயே கொண்டாந்து, விரல்ல வச்சுச் சுத்திக் காட்டுறா. 'பாருங்க, எப்படி நிக்குது'ன்னு."

புருஷன் செய்ததற்குப் புருஷனுக்கும், சுரையா செய்யாததற்குச் சுரையாவுக்கும், ரெண்டுக்கும் ஒரே தையல். வீரலட்சுமி ஒரு பைக்குள் இரண்டு பழியை அடைத்திருக்கிறாள். நான் சுரையாவின் உள்ளே போன குரலை நினைத்தேன். தன் தாமதத்தில் ஓர் உயிர் போனது அவருக்கும் தெரியும். வாசல் மண்ணைக் கூட்டாமல் விட்டது அதனால்தான்.

சூர்யகலா அக்கா என்னைப் பார்த்தார். அவரிடம் கேள்வி தீர்ந்துபோயிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மூணே கால்.

எனக்கு அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டு பேச வரவில்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டே வீரலட்சுமியிடம் பேசினேன்.

"அக்கா, எனக்குச் சுத்தி வளைச்சுக் கேக்கத் தெரியாது. காலையில அந்தத் தொப்பிய நானும் மாட்டுனேன். ஒரு நொடிதான் இருட்டுனுச்சு, உசுரே போயிருச்சு. கொக்கியில நாப்பது தொப்பி தொங்குது. நாலு மணிக்கு அது வேணாம்னு ஆச்சுன்னா, நாளைக்கும் ஒரே டார்ச்சுதான். கடைசில எவளாவது ஒருத்தி நடப்பா. அதனால கேக்குறேன். நீங்கதான் செஞ்சீங்களா? செஞ்சிருந்தா, மேனேஜர் முன்னாடி சொல்வீங்களா?"

வீரலட்சுமி முறத்தில் கையை வைத்தாள். வலப்பக்கக் குவியலில் ஒரு பருவட்டுக் காய் தவறிப்போய்க் கிடந்தது. அதை எடுத்து இடப்பக்கம் போட்டாள். பிறகு எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

"ஆமா தம்பி. நாந்தான். குண்டு எல்லாம் அந்த அரிசிப் பானையில கெடக்கு, எடுத்துக்க. மேனேஜர்கிட்டயும் சொல்றேன், போலீசுலயும் சொல்றேன். அந்தப் பிள்ளை வாசல நானே கூட்டிவிடுறேன். என் புருசன்கிட்ட மட்டும் மன்னிப்புக் கேக்க மாட்டேன், அது முடியாது. போ, வண்டிய எடு."